முதுகு தெரியாமல் அட்டை அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு புதிய பதிப்பாளர் பிளேட் போட்டு மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் அடித்த தன் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். 500 பிரதிகளுக்கு உள்பக்கம் அச்சாகிவிட்டது; 200க்கு அட்டையும் போட்டாகிவிட்டது. புத்தகத்தைத் திருப்பியதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதுகில், அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டும் ஓரத்தில், நிற்க வேண்டிய கருப்புப் பட்டை இரண்டு பக்கமும் வழிந்து, வெள்ளை முன்னட்டையில் கோடாக ஓடியது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த தவறு இதே தவறுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன பக்க எண் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள்.

காகிதம் முடிவாகாமல் அட்டை அடிப்பது

என் புத்தகம் 288 பக்கம். முதலில் டிஜிட்டல் இயந்திரத்தில் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில், பிஓடியில், 50 பிரதிகள் போட்டேன். நன்றாக வந்தது. சரி, விற்கிறதே என்று ஆயிரம் பிரதி ஆஃப்செட்டுக்குக் கொடுத்தேன். அட்டைக்கு மட்டும் பழைய கோப்பையே அனுப்பினேன். அட்டைகள் அச்சாகி, லேமினேஷனும் ஆகி, பைண்டிங்குக்குப் போய்விட்டன. அங்கிருந்து போன் வந்தது: “சார், முதுகு நிக்கல. வந்து பாருங்க.”

போனேன். பைண்டர் ஒரு புத்தகத்தை எடுத்து, கட்டைவிரலை முதுகின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். 18 மில்லிமீட்டருக்கு வரைந்த முதுகு, 13 மில்லிமீட்டர் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே. புத்தகக் காட்சிக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஆயிரம் அட்டையையும் மறுபடி அச்சிட்டு, மறுபடி லேமினேஷன் போட்டேன். அந்தப் பதிப்பில் எனக்கு லாபமே இல்லை.

காரணம் எளிது. பிஓடியில் போட்டது 70 ஜிஎஸ்எம் பல்க்கி, அதாவது எடைக்குத் தடிமன் கூடிய காகிதம். ஆஃப்செட்டில் போட்டது 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, வழக்கமான வெள்ளைக் காகிதம். ஜிஎஸ்எம் ஒன்றுதானே என்று நினைத்தேன். ஜிஎஸ்எம் என்பது எடை. ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. தடிமன் தெரிய அதை ‘பல்க்’ எண்ணால் பெருக்க வேண்டும். பல்க் 1.8 என்றால் 70 ஜிஎஸ்எம் தாள் 126 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மேப்லித்தோவின் பல்க் 1.3 அளவில் இருக்கும். அதே 70 ஜிஎஸ்எம் தாள் 91 மைக்ரான்தான் வரும். 288 பக்கம் என்றால் 144 தாள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், ஒன்று 18 மில்லிமீட்டர், இன்னொன்று 13.

முன்பெல்லாம் இந்தத் தவறு இவ்வளவு தூரம் போகாது. ஃபிலிம் எடுத்து, பாசிட்டிவ் ஒட்டி, பிளேட் போட்ட காலத்தில் நாலு பேர் கை பட்டுத்தான் அட்டை இயந்திரத்துக்குப் போகும். யாராவது ஒருவர் “முதுகு அளவு சரிதானா?” என்று கேட்டுவிடுவார். இப்போது பிடிஎஃப் நேரே பிளேட்டாகிறது. நடுவில் அளந்து பார்க்க யாரும் இல்லை. பிஓடி நிறுவனங்களின் தளத்தில் பக்க எண்ணிக்கையைப் போட்டால் முதுகு அளவு வந்துவிடுகிறது. அது அவர்கள் வைத்திருக்கும் காகிதத்துக்கான அளவு. அச்சகம் மாறினால், காகிதம் மாறினால், அந்த எண் செல்லாது.

எனவே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் காகிதம் முடிவாகட்டும். அப்புறம் பக்க எண்ணிக்கை. பிறகு அதே காகிதத்தில், அத்தனை தாளை வைத்து, எதுவும் அச்சிடாத ஒரு டம்மி கட்டித் தரச் சொல்லுங்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து அளந்து பாருங்கள். அட்டை அதற்குப் பிறகுதான். நடுவில் அச்சகத்தார் “அந்தப் பேப்பர் ஸ்டாக் இல்லை, வேற போடட்டுமா?” என்று கேட்டால், சரி என்று சொல்லும் முன் பல்க் எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்று: முதுகுக்குத் தனி நிறம் வேண்டாம். அளவு சரியாக இருந்தாலும் பைண்டிங்கில் ஒரு மில்லிமீட்டர் நகரும். முன்னட்டை நிறமே முதுகில் தொடர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

290 பக்கம்

ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுப்பு ஒரு பாரம். வழக்கமான புத்தக அளவான டெம்மியில் அது 16 பக்கம். 288 என்றால் 18 பாரம். 290 என்றால் 18 பாரமும் தனியாக ஒட்ட ஒரு தாளும். டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை. இரண்டு பக்கத்தைக் குறையுங்கள்.

நாலு நிறக் கருப்பு

எழுத்து தனிக் கருப்பில் மட்டும் இருக்கட்டும். நாலு மையும் சேர்ந்து கருப்பானால், ஒரு மையின் மேல் இன்னொரு மை உட்காரும் இடம் ஒரு முடியளவு விலகினாலும் ‘ணை’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பழைய கோப்பை மாற்றிவிட்டு அப்படியே விடுவது

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் ‘ஔ’ என்பது ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிந்து நிற்கும். ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் இருக்கும். அச்சில் தப்பித்துவிடும். அதே கோப்பை மின்னூலுக்குக் கொடுக்கும்போது தேடலில் சொல் அகப்படாது. மாற்றிய அன்றே தேடித் திருத்திவிடுங்கள்.

ஒரு பிரதியின் விலையை மட்டும் பார்ப்பது

ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் இயந்திரத்தைத் தயார்செய்வதற்கும் ஆகும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. இறங்கும் விலையைப் பார்த்து ஆயிரம் போட்டு, அறுநூறைப் பரணில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் அடுத்த புத்தகத்தை 200 தான் போடுகிறார்கள். முதல் பதிப்புக்கு அதுவே போதும்.

நார்த்திசை

ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் திசைதான் நார் ஓடும் திசை. அது முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் புத்தகம் விறைத்துக்கொண்டு கையில் விரிந்து நிற்காது.

ஜனவரி

புத்தகக் காட்சி ஜனவரியில். கோப்பு நவம்பரிலேயே அச்சகத்துக்குப் போகட்டும்.

அந்தப் புதிய பதிப்பாளரின் 300 பிரதிகள் இன்னும் அட்டையில்லாமல் பைண்டிங்கில் இருக்கின்றன. பழைய அட்டைகளை ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டோம். டம்மி நாளை காலை வருகிறது; வெர்னியரை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.