போனில் அறுபது ஆப் இருந்தால் எதை வைப்பது, எதை எடுப்பது?

திருவொற்றியூர் மெட்ரோ கேட்டில் டிக்கெட்டின் க்யூஆரைக் காட்டணும். பின்னால் வரிசை நிற்கிறது. அந்த ஆப் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று திரையைத் தள்ளிக்கொண்டே நிற்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் கடுப்பில் கண்ணில் பட்ட ஆப்பையெல்லாம் அழிக்கத் தோன்றும். அழிப்பது ஒரு நிமிட வேலைதான். அதற்கு முன் செய்ய வேண்டியதை விட்டால் அப்புறம் அலையணும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். இது ஆண்ட்ராய்டு போனுக்கானது. மெனுவின் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

1. முதலில் பணம்

மூன்று நான்கு யுபிஐ ஆப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு போதும். ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது கைகொடுக்கும். ஒரு ஆப்பை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

பின் போடாமல் சின்னத் தொகை கட்டும் யுபிஐ லைட்டில் மீதி இருந்தால் அங்கேயே லைட்டை மூடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும். மூடாமல் ஆப்பை எடுத்துவிட்டால் அந்தப் பணத்துக்காக கஸ்டமர் கேரில் தொங்க வேண்டியதுதான்.

அடுத்து ஆட்டோபே. ஆப்பை எடுத்தாலும் மாதாமாதம் பிடிக்கும் பணம் நிற்காது. அனுமதி வங்கிக் கணக்கின் மேல் இருக்கிறது. ஆட்டோபே பட்டியலைத் திறந்து வேண்டாததை ரத்து செய்யுங்கள். ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டும் சந்தாவும் இப்படித்தான், அதை ப்ளே ஸ்டோருக்குள் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.

மூன்றாவது சிம். யுபிஐ ஆப்பைத் திரும்ப ஏற்றும்போது உங்கள் போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போகும். வங்கியில் கொடுத்த நம்பர் அந்தப் போனில் இருக்கணும், எஸ்எம்எஸ் போகிற அளவுக்கு ரீசார்ஜும் இருக்கணும். இரண்டு சிம் போனில் பலரும் தப்பான சிம்மைத் தொட்டுவிட்டு ‘வெரிஃபை ஆகவில்லை’ என்று உட்கார்ந்திருப்பார்கள். யுபிஐ பின் வங்கிக் கணக்குக்கானது, ஆப் மாறினாலும் பழைய பின் நம்பரே செல்லும்.

2. ஒரே வேலைக்கு இரண்டு ஆப்

கரண்ட் பில், கேஸ், டிடிஹெச் மூன்றையும் யுபிஐ ஆப்பிலேயே கட்டலாம். கரண்ட் பில்லுக்கு இணைப்பு எண்ணை மண்டல எண்ணோடு சேர்த்துப் போடுங்கள். வடசென்னைக்கு 01. அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் போட்டால் ஏற்காது.

பயணத்தில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் 2025-இல் வந்த ‘சென்னை ஒன்’ இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வண்டியில் சீசன் டிக்கெட்டில் போகிறவர்கள் மட்டும் ரயில்வே ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். சீசன் முடியும்வரை அந்த ஆப்பையோ போனையோ மாற்றாதீர்கள்.

மழை, வெள்ள எச்சரிக்கை தரும் அரசு ஆப்பான ‘டிஎன் அலர்ட்’ பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் தேவைப்படும். ஆனால் எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் அதை எடுக்கவே வேண்டாம்.

3. எடுப்பது

ப்ளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’, அதில் ‘மேனேஜ்’. வரிசையை ‘லீஸ்ட் யூஸ்டு’ என்று மாற்றினால் மாதக்கணக்கில் தொடாதவை மேலே வரும். வேண்டாதவற்றில் டிக் போட்டு, மேலே உள்ள குப்பைத்தொட்டியைத் தொட்டால் மொத்தமாகப் போய்விடும்.

முகப்பில் ஐகானை அழுத்திப் பிடித்தால் வரும் ‘ரிமூவ்’ ஐகானை மட்டும்தான் எடுக்கும். ஆப் உள்ளேயே இருக்கும். போனோடு வந்த ஆப்புகள் சிலவற்றுக்கு ‘அன்இன்ஸ்டால்’ இருக்காது, ‘டிஸேபிள்’ கொடுங்கள். நீங்களே ஏற்றிய ஆப்பிலும் ‘அன்இன்ஸ்டால்’ மங்கிக் கிடந்தால் செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடி, அங்கே அதன் டிக்கை எடுத்துவிட்டு வாருங்கள். கடன் ஆப் ஏதாவது இப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

எப்போதாவது தேவைப்படுவதை ‘ஆர்க்கைவ்’ செய்யலாம். ஐகானும் உங்கள் தகவலும் இருக்கும், இடம் மட்டும் மிச்சமாகும். திறக்கும்போது மறுபடி டவுன்லோடு ஆக நெட் வேண்டும் என்பதால் டிக்கெட் ஆப்பை மட்டும் ஆர்க்கைவ் செய்யாதீர்கள். இடம் பிடிப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் வீடியோதான். அதன் செட்டிங்ஸில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போய்ப் பெரிய ஃபைல்களை நீக்குங்கள்.

4. முகப்பு

ஒரே பக்கம். கீழ் வரிசையில் போன், வாட்ஸ்அப், யுபிஐ, டிக்கெட். காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு ஈரக் கையோடு ஸ்கேன் பண்ணும்போது தொடுதிரை பாதி நேரம் கேட்காது. அப்போது கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஐகான் இருந்தால்தான் முடியும்.

ஒரு ஐகானை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் ஃபோல்டர். பணம், வீடு, பள்ளி என்று வேலையை வைத்துப் பெயர் கொடுங்கள். ஒன்பதுக்கு மேல் போடாதீர்கள், பல போன்களில் பத்தாவது அடுத்த பக்கத்துக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். பிறகு காலி இடத்தை அழுத்தி, ஹோம் செட்டிங்ஸில் புது ஆப்பை முகப்பில் சேர்ப்பதை அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் ஒரே மாதத்தில் பழைய கதைதான்.

5. அறிவிப்புகள்

தொல்லை தரும் அறிவிப்பை அழுத்திப் பிடியுங்கள். வகை வகையாகக் காட்டும். ‘ஆஃபர்’ போன்றவற்றை மட்டும் அணையுங்கள், பணப் பரிவர்த்தனை இருக்கட்டும். மொத்தமாக அணைத்தால் கணக்கில் பணம் போனதே தெரியாது. செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’யை இப்போதே போட்டு வையுங்கள். தவறித் தள்ளியதை 24 மணி நேரம்வரை அதில் பார்க்கலாம்.

‘க்ளீனர்’ ஆப் எதுவும் ஏற்ற வேண்டாம், அதுவும் இன்னொரு விளம்பர ஆப்தான். பேட்டரியை மிச்சப்படுத்த, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையெல்லாம் அடிக்கடி தள்ளி மூடுவதும் வீண். ஆட்டோ ஓட்டுபவர்கள் செட்டிங்ஸில் சவாரி ஆப்பின் ‘பேட்டரி’யில் ‘அன்ரிஸ்ட்ரிக்டெட்’ வையுங்கள். இல்லையென்றால் போன் பையில் கிடக்கும்போது ஆப் தூங்கிவிடும், எம்.சி. ரோடு சவாரி அடுத்த வண்டிக்குப் போய்விடும்.