இரண்டு நகரங்களுக்கு இடையே விமான தூரமும் பயண நேரமும்: நாமே கணக்கிடலாம்

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். ஒன்றை மற்றதிலிருந்து கழித்தால் பறக்கும் நேரம் வராது. சைன், கோசைன் உள்ள ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும், தூரம், நேரம் இரண்டையும் நாமே போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு லண்டனையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஊர் இருக்கும் இடம்

கூகுள் மேப்பில் ஊரின் மேல் ரைட் கிளிக் செய்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தெரியும். லண்டன் 51.5, -0.1. நியூயார்க் 40.7, -74.0. தெற்குக்கும் மேற்குக்கும் மைனஸ் குறி.

படி 2: தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், தப்பாக வரும். பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடக்கே வளைந்து கனடாவின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுச் செல்லும். இதுதான் பெருவட்டப் பாதை, மிகக் குறுகிய வழி.

கால்குலேட்டரை டிகிரி மோடில் வையுங்கள். அட்சரேகைகளின் சைன் இரண்டையும் பெருக்கினால் 0.510. அவற்றின் கோசைன் இரண்டையும் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 73.9-இன் கோசைனாலும் பெருக்கினால் 0.131. கூட்டினால் 0.641. இதற்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பட்டன்) போட்டால் 50.1 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ. ஆகவே தூரம் ஏறத்தாழ 5,570 கி.மீ.

முதல் தடவை கொஞ்சம் மிரட்டும். ஆனால் ஒரு முறை கையால் செய்துவிட்டால் எந்த ஊருக்கும் இதே கணக்குதான்.

படி 3: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்லும். 5,570-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 10 நிமிடம். மேலே ஏறவும் இறங்கவும் வேகம் குறைவு என்பதால் அரை மணி சேருங்கள்.

படி 4: காற்று

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விமானங்கள் பறக்கும் உயரத்தில், சுமார் 10 கி.மீ. மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பலமாக வீசும். அதனால்தான் லண்டனிலிருந்து நியூயார்க் போக அட்டவணையில் சுமார் 8 மணி நேரமும், திரும்ப வர 7 மணி நேரமும் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் இதில் அடக்கம்.

படி 5: கடிகாரம்

லண்டனில் காலை 11-க்குக் கிளம்பி 8 மணி நேரம் பயணித்தால், லண்டன் கணக்கில் இரவு 7. நியூயார்க் 5 மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே மதியம் 2. சரி, எப்போதும் 5-தானா? இல்லை. கோடைக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் தள்ளும். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். எனவே பயணத் தேதியில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் கழியுங்கள்.