வெரியை விட்டு வெளியே வந்தது

கொழும்பு கோட்டையில் ஒரு கந்தோரில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவது என் வேலை. எதையும் அழுத்திச் சொல்ல 'வெரி' (very, மிக) ஒன்றுதான் கைக்கு வரும். அதிலிருந்து வெளியே வர, முதலில் பெயரடைகளை இரண்டாகப் பிரித்தேன். டயர்ட் (tired, களைத்த), கோல்ட் (cold, குளிர்ந்த) போன்றவை கூடும், குறையும். அவற்றுக்கு வெரி, எக்ஸ்ட்ரீம்லி. எக்ஸாஸ்டட் (exhausted, அடியோடு களைத்த), ஃப்ரீசிங் (freezing, உறையவைக்கும் குளிரான) ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவை, அவற்றோடு அப்சலூட்லி. ரியலி இரண்டுக்கும் பொருந்தும், பேச்சுச் சாயல் கொஞ்சம் அதிகம்.

அப்புறம், எனக்கு மிகவும் கைகொடுத்தது 'டிட்' (did). நாங்கள் பணம் கட்டவில்லை என்று யாராவது எழுதினால், 'வீ பெய்ட்' என்பதைவிட 'வீ டிட் பே' என்று பதில் போட்டால் மறுப்பு தெளிவாக விழுகிறது. டிட் வந்ததும் வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் பெய்ட்' கூடாது. தொலைபேசியில் சொல்லும்போது குரலும் அந்த டிட் மேல்தான் ஏற வேண்டும்.