தென்னை நார்த்தூளைக் காளான் வித்து போட்டு உரமாக்குவது எப்படி?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மஞ்சி மில்களை, அதாவது தேங்காய் நார் ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்த பிறகு மிஞ்சும் தூள் செம்பழுப்பு நிறத்தில் மலை மாதிரி குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அதிலிருந்து சிவந்த சாறு இறங்கி மண்ணுக்குள் போகும், பக்கத்துக் கிணறும் கெடும். அந்தத் தூளையே நல்ல உரமாக மாற்ற முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: தூளை அப்படியே செடிக்குப் போடாதீர்கள். நான் ஒருமுறை கத்தரி நாற்றுகளைச் சுற்றிப் பச்சையாகப் போட்டேன், சில நாளிலேயே இலையெல்லாம் மஞ்சளடித்துவிட்டது. காரணம் இதுதான். இந்தத் தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) சுமார் 112 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது, அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், செடிக்கு ஒன்றும் மிஞ்சாது. போதாக்குறைக்கு லிக்னின் வேறு நிறைய இருக்கிறது, அது மரத்துக்குக் கெட்டித்தன்மை தருகிற பொருள், சாதாரண பாக்டீரியாவால் எளிதில் உடைக்க முடியாது. சிப்பிக்காளானால் முடியும். அது லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து லிக்னினை உடைக்கிறது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையும் இந்தக் காளானை வைத்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம். 1 டன் தூளுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா, நிறையத் தண்ணீர், ஒரு நிழலான இடம், அவ்வளவுதான். வித்து வேளாண் அறிவியல் நிலையங்களிலோ காளான் வித்து தயாரிப்பவர்களிடமோ கிடைக்கும். வெள்ளை வெளேரென்று பூசணம் படர்ந்திருக்க வேண்டும், பச்சையோ கறுப்போ தெரிந்தால் வாங்காதீர்கள். தூளில் நீள நார் கலந்திருந்தால் சலித்து எடுத்துவிடுங்கள்.

தென்னந்தோப்பு நிழலே போதும். 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சமப்படுத்தி, 100 கிலோ தூளைப் பரப்பி நன்றாக நனைத்து, மேலே ஒரு புட்டி வித்தை உதிர்த்துத் தூவுங்கள். அதன்மேல் அடுத்த 100 கிலோ, அதையும் நனைத்து இந்த முறை வித்துக்குப் பதில் 1 கிலோ யூரியா. மறுபடி வித்து, மறுபடி யூரியா என்று மாறி மாறி 10 அடுக்கு வந்தால் கணக்கு சரியாக இருக்கும். ஏறி மிதித்து இறுக்க வேண்டாம், காளானுக்குக் காற்று வேண்டும்.

இனி எல்லாமே ஈரத்தில்தான் இருக்கிறது. தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும், அதனால் மேலே நனைந்து உள்ளே காய்ந்து கிடப்பது தெரியாமலே போகும். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம், பிடி உதிர்ந்தால் உடனே தண்ணீர் தெளியுங்கள். 10 நாளுக்கு ஒருமுறை குவியலைக் கிளறி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள். இதற்கிடையில் குவியலில் காளான் முளைத்தால் பறித்துச் சமைக்காதீர்கள், திறந்தவெளியில் எந்தக் காளான் வித்து வந்து விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

சுமார் 60 நாளில் நிறம் கறுத்து, குவியல் தாழ்ந்து, மழை பெய்த மண் வாசனை வரும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்காக இருந்த கரிமம் 24 பங்குக்கு இறங்கியிருக்கும். வாசனை வராமல் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், இன்னும் 10 நாள் விடுங்கள்.

ஹெக்டேருக்கு 5 டன் அடியுரமாகப் போடலாம், வளர்ந்த தென்னைக்கும் வாழைக்கும் மரத்துக்கு 5 கிலோவாவது வேண்டும். நாற்றங்காலுக்கு மண், மணலோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். மீதியை நிழலில் காற்றோட்டமாகக் குவித்து வைத்து, காய்ந்து போகாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்து வாருங்கள்.