ஃபாஸ்ட் லென்ஸ் ஓடாது தம்பி

போன ஞாயிறு வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பசங்க ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு தம்பி, சொம்பு சைஸில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தான். எட்டிப் பார்த்தேன்: 85 எம்எம், எஃப் 1.2.

"இத்த வச்சு ஃபுட்பாலாடா எடுக்குற?"

"ஃபாஸ்ட் லென்ஸ்ணா! ஸ்போர்ட்ஸுக்கு ஃபாஸ்ட்டாதானே இருக்கணும்?"

எடுத்ததைக் காட்டினான். கீப்பர் பந்துக்குப் பாய்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எழுத்து எழுத்தாக ஷார்ப். கீப்பர் மட்டும் ஆவி மாதிரி இருந்தான்.

அவன் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் ஒரு காலத்தில் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஐஎஸ்ஓ என்றால் என்ன, மூடியைக் கழற்ற மறக்காதே என்பதையெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். காசைக் கரியாக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

'ஃபாஸ்ட்' என்ற சொல்லை நம்புவது

லென்ஸ் விஷயத்தில் ஃபாஸ்ட் என்றால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, பெரிது என்று மட்டும்தான் அர்த்தம். எஃப் எண் சின்னதானால் துளை பெரிது. எஃப் 2.8-ஐவிட எஃப் 1.4-ல் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/250 நொடியில் எடுத்ததை 1/1000 நொடியில் எடுக்கலாம். வேகம் என்பது அந்த ஷட்டருக்குக் கிடைப்பது. ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பது வேறு கணக்கு. இன்னும் சொன்னால், பல சமயம் தலைகீழ்க் கணக்கு. அப்பர்ச்சர் பெரிதானால் உள்ளே கண்ணாடியும் பெரிதாகும், எடை கூடும். அந்தப் பாரத்தை மோட்டார் நகர்த்த வேண்டும். அதுவும் மயிரிழை தப்பாமல் கண்ணிமையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதனால் போர்ட்ரெய்ட்டுக்கென்று செய்த எஃப் 1.2 லென்ஸ்கள் பல, நிதானமாகத்தான் நகரும். மாடல் அசையாமல் நிற்கப் போகிறாள், என்ன அவசரம்?

எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. கல்யாண வேலை செய்துகொண்டிருந்த காலம். பழைய 85 எஃப் 1.2 ஒன்றை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், லென்ஸ்மேல் தப்பில்லை. வாங்கிய அடுத்த வாரம் ராயபுரம் பக்கம் ஒரு ஹாலில் பாக்ஸிங். எங்கள் தெருப் பையன் ரெட் கார்னர். ரெண்டாவது ரவுண்டில் இடது கை ஹூக் ஒன்று விட்டான் பாருங்கள், எதிராளி வாயிலிருந்த பல் கவசம் தனியாகப் பறந்தது. நான் பட்டனை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். லென்ஸ் 'உய்ய்ங்' என்று பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து, சாவகாசமாகத் திரும்பி வந்தது. அதற்குள் ரெஃப்ரி ஆறு எண்ணிவிட்டார். ஒன்பது ஃபிரேம் விழுந்திருந்தது. ஒன்பதிலும் ரிங் கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. பையன் முகம் ஒன்றில்கூட இல்லை.

அந்தப் பையனுடைய அம்மா மீன் வாங்கும் இடத்தில் பார்த்தால் இன்றைக்கும், "அந்த போட்டோ வந்துச்சாப்பா?" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அடுத்த போட்டிக்கு நண்பனிடம் கேனான் 85 எஃப் 1.8 கடன் வாங்கினேன். 1992-ல் வந்த லென்ஸ், வெறும் 425 கிராம். எஃப் 1.2-ஐவிட ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக, அதாவது பாதிக்கும் மேல், வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 3200-லிருந்து 6400-க்கு மேல் ஏற்றினேன். படத்தில் ரவை கொட்டிய மாதிரி கிரெயின். ஆனால் கிளவுஸ் படும்போது தெறிக்கும் வேர்வை சொட்டுச் சொட்டாக நிற்கிறது. கிரெயினை யார் எண்ணுகிறார்கள்? ஃபோகஸ் போனால் படமே போச்சு.

வாங்கும்முன் கடையில் இதைச் செய்யுங்கள். உங்கள் சொந்த கேமராவில் மாட்டுங்கள். மேஜைமேல் இருக்கும் பில் புக், எதிர்ச்சாரி கடையின் போர்டு, மறுபடி பில் புக் என்று பத்துத் தடவை மாற்றி மாற்றி ஃபோகஸ் பண்ணுங்கள். பிறகு ஆள் நகர நகரக் கூடவே ஃபோகஸ் நகரும் தொடர் ஃபோகஸில் வைத்து, உங்களைப் பார்த்து நடந்து வருகிறவர்களை எடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் போனால் இன்னும் நல்லது, இருட்டில்தான் சாயம் வெளுக்கும். கடைக்காரர் உங்கள் முகத்தையே ஒரு படம் எடுத்து, "பின்னாடி எப்படிக் கரையுது பாருங்க சார்" என்று காட்டுவார். என்னை அப்படித்தான் கவிழ்த்தார்கள்.

வீட்டை அளக்காமல் 135 வாங்குவது

கேனான் 135 எம்எம் எஃப் 2 எனக்கு உயிர். 1996-ல் வந்தது, 750 கிராம், ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் போடும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் மாட்டினால் 189 எஃப் 2.8 ஆகிவிடும், மைதானத்துக்கும் ஓரளவு உதவும். முகத்துக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் எம்எம் கூடக் கூட நாம் தள்ளி நிற்க வேண்டும். ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்கப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமிலேயே எட்டு மீட்டர் வேண்டும். சின்ன சென்சார் உள்ள 1.6 கிராப் கேமராவில் பதிமூன்று மீட்டர். புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் பின்னால் போனேன், போனேன், வாசற்படி தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டேன். பொண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

ஒண்டுக்குடித்தனத்துக்கு 50, மிஞ்சினால் 85. ராயபுரம் ஸ்டேஷன் தூண்களுக்கு முன்னாலோ காசிமேட்டுக் கரையிலோ நிற்க வையுங்கள், அங்கே 135 ராஜா. அமெச்சூர் பாக்ஸிங் ரிங் உள்பக்கம் 6.1 மீட்டர்தான். ரிங்கை ஒட்டி நின்றால் 85-ம் இடிக்கும், நாலடி தள்ளி நில்லுங்கள்.

ஜோடியை முழுசாகத் திறந்து எடுப்பது

ரெண்டு மீட்டரில் 85, எஃப் 1.2 என்றால் ஷார்ப்பாக இருப்பது சுமார் 4 சென்டிமீட்டர். பொண்ணு மூக்குத்தி மின்னும், பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கிப் போவார். மாப்பிள்ளை வீட்டில்தான் மீதிப் பணம் தர வேண்டும் என்பதை ஞாபகம் வையுங்கள். எஃப் 4-ல் எடுங்கள்.

கேமரா ரிப்பேர் என்று நினைப்பது

ஹாலில் 1/640-ல் வரிசையாக எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்தது பழுப்பு. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல டியூப் லைட்கள் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள். சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ் வாங்குவது

நிக்கான் டி5600 மாதிரி கேமராவில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, இந்த லென்ஸிலும் கிடையாது. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

கடற்காற்றில் லென்ஸைத் திறந்து போடுவது

பூஞ்சை. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல்.

முல்லை நகர் தம்பிக்கு என் பையிலிருந்த 135-ஐக் கொடுத்தேன். ரெண்டாவது பாதி முழுக்க எடுத்தான். திருப்பிக் கொடுக்கும்போது, "அப்போ 1.2-வ வித்துடட்டுமாணா?" என்றான்.

"உனக்குத் தங்கச்சி இருக்கா?"

"கீதுணா. தையில கல்யாணம்."

"அதுவரைக்கும் விக்காத."