பெங்களூர் மார்கழியில் என்ன பூக்கும்? முதல்முறை தொட்டி வைப்பவர்களுக்கு

ராமமூர்த்தி நகரில் எங்களுக்கு இரண்டாவது மாடி. ஏழடி பால்கனி, தெற்குப் பார்த்தது. அதில் இப்போது டிசம்பர் பூ, சாமந்தி, செண்டுப்பூ மூன்றும் ஒரே சமயத்தில் பூத்திருக்கின்றன. இந்த நிலைக்கு வர நான்கு வருஷம் ஆனது. அதில் இரண்டு வருஷம் என் தப்பால்தான் வீணாகப் போனது. அதைக் கீழே மூன்றாவது படியில் சொல்கிறேன்.

இந்த ஊர்க் குளிருக்குப் பயப்பட வேண்டாம். ராத்திரி 15, 16 டிகிரி, மதியம் 27 வரை போகும். நாம் ஸ்வெட்டர் போட்டாலும் செடிக்கு இது சுகமான காலம்தான்.

படி 1: வெயில் எங்கே விழுகிறது?

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். ஜூனில் வெயிலே எட்டிப் பார்க்காத தெற்குப் பால்கனியில், இப்போது சோபா வரைக்கும் வெயில் வரும். வடக்குப் பார்த்த பால்கனியில் நேரெதிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை 9 மணி, 12 மணி, 3 மணிக்கு வெயில் விழும் இடத்தைக் கோலமாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். இல்லையென்றால் மொட்டை மாடியில் இடம் கேளுங்கள். பூச்செடி வாங்கி வந்துவிட்டு அப்புறம் இடம் தேடினால் சரிப்படாது.

படி 2: செடி

நர்சரியில் நம் பெயர்கள் பாதி செல்லாது. சாமந்தி இங்கே சேவந்திகே, செம்பருத்தி தாசவாளா, செண்டு மட்டும் செண்டு ஹூவு. டிசம்பர் பூவுக்குப் போனில் படம் காட்டிவிடுங்கள், அதுதான் சுலபம்.

சாமந்தி வாங்கும்போது முழுசாக மலர்ந்ததை எடுக்காதீர்கள். பத்து நாளில் வாடிவிடும். நிறம் லேசாகத் தெரிகிற மொட்டும், அடியில் இரண்டு மூன்று பக்கக் கன்றும் இருந்தால் எடுக்கலாம். அந்தக் கன்றுகள்தான் அடுத்த வருஷத்துச் செடி.

டிசம்பர் பூவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. என் செடி, கீழ்வீட்டில் இருக்கும் கோலார் தங்கவயல்கார அக்கா தன் அம்மா வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த நான்கு குச்சியில் வந்தது. "மழைக்காலத்துல நட்டுடு, கார்த்திகைக்கு மொட்டு வந்துடும்" என்றார். அப்படியே வந்தது. பெயர்தான் டிசம்பர், நவம்பரிலேயே பூக்க ஆரம்பித்துவிடும். வாடாமல்லி நிறம், வெள்ளை, வெள்ளையில் கோடு போட்டது என்று பல வகை. வாசனை கிடையாது. பறிக்கும்போது காம்போடு கிள்ளாதீர்கள், அடியில் இருக்கும் முள் மாதிரியான இதழ் விரலைக் குத்தும். பூவை மட்டும் பிடித்து மெல்ல இழுத்தால் நீளக் குழாயோடு உருவிக்கொண்டு வரும். அந்தக் குழாயில்தான் நூலைச் சுற்றிக் கட்டுவது.

தொட்டி 10 அல்லது 12 அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஓட்டை போடாமலேயே விற்கிறார்கள்.

படி 3: ராத்திரி விளக்கை அணையுங்கள்

என் தப்பு இதில்தான். ஒரே நாளில் வாங்கிய இரண்டு சாமந்தி. ஒன்றைப் பால்கனியில் வைத்தேன், இன்னொன்றைக் கீழே கேட் பக்கத்தில், விடிய விடிய எரியும் விளக்குக்கு நேர் கீழே. பால்கனிச் செடி பூத்துத் தள்ளியது. கேட் செடி பொங்கல் வரைக்கும் இலை இலையாக வளர்ந்துகொண்டே இருந்தது, மொட்டே இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்து அடுத்த வருஷம் இன்னும் சாணம் போட்டேன். இலைதான் இன்னும் பெரிதாகியது.

விஷயம் உரமே இல்லை. சாமந்தி நீண்ட ராத்திரியைக் கணக்கு வைத்துத்தான் மொட்டு விடும். பெங்களூரில் ஜூன் பகலைவிட டிசம்பர் பகல் ஒன்றரை மணி நேரம் குறைவு. நமக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். நடுராத்திரியில் விளக்கு எரிந்தால் அது இன்னும் கோடைதான் என்று ஏமாந்துவிடும். சிக்கபல்லாபூர் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால் சாமந்தித் தோட்டங்களில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்க்கலாம். கல்யாண விசேஷமோ என்று நானும் நினைத்திருக்கிறேன். பூப்பதைத் தள்ளிப்போட்டு, விலை கிடைக்கும் நேரத்துக்குக் கொண்டுவர விவசாயிகள் செய்யும் ஏற்பாடு அது.

கிறிஸ்துமஸுக்குச் சிவக்கும் பாயின்செட்டியாவுக்கும் இதே கதை. அதில் சிவப்பாக இருப்பது இலைதான், நடுவில் மஞ்சளாகக் குட்டியாக இருப்பதுதான் பூ. அக்டோபரிலிருந்தே இந்தச் செடிகளைத் தெருவிளக்கு படாத மூலைக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலையில் எடுத்துவிடுங்கள். செண்டுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

படி 4: தண்ணீர், பூச்சி

தினமும் ஊற்ற வேண்டாம். இரண்டு விரற்கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், காலையில், இலை நனையாமல் வேரில் ஊற்றுங்கள். ராத்திரி இலை ஈரமாகவே இருந்தால் நோய் வரும்.

சாமந்தி மொட்டின் கழுத்தில் அசுவினி என்ற குட்டிப் பூச்சி கறுப்பாக அப்பும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு கலந்து, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

மல்லி ஏன் பூக்கவில்லை?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். குண்டுமல்லிக்கு இது ஓய்வுக்காலம். உரம் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். நவம்பர் கடைசியில் தண்ணீரைக் குறைத்து, அரை மீட்டர் உயரத்தில் கிளைகளை வெட்டி (கவாத்து செய்து) விட்டால் கோடையில் பூக்கும்.

படி 5: பூத்து முடிந்தபின்

செண்டில் வாடிய தலையை உடனுக்குடன் கிள்ளுங்கள், மொட்டு வந்துகொண்டே இருக்கும். இரண்டை மட்டும் செடியிலேயே காயவிட்டால் விதை ஆயிற்று. சாமந்தியைப் பிப்ரவரியில் நாலு அங்குலம் விட்டு வெட்டி, பக்கக் கன்றுகளைப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வையுங்கள். டிசம்பர் செடியைப் பாதியாக வெட்டிவிட்டு, தளிர்த்தபின் மழை தொடங்கியதும் முற்றிய கிளையில் ஒரு சாண் குச்சி வெட்டி, கீழ்க்கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஒன்றிரண்டு பிழைக்காது, அதனால் ஆறேழு குச்சியாகவே ஊன்றுங்கள்.