முதல் மொபைல் செயலி: ஒரு எண், ஒரு பொத்தான், இரண்டு வகைப் போன்கள்

இன்று நாம் செய்யப்போவது ஒரே ஒரு திரை உள்ள செயலி. நடுவில் ஒரு எண் இருக்கும், கீழே ஒரு பொத்தான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும் பொத்தானைத் தட்டினால் எண்ணில் ஒன்று கூடும். செயலியை மூடிவிட்டுத் திறந்தாலும் எண் அப்படியே இருக்கும், மறுநாள் காலையில் தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லாகின் கிடையாது, சர்வர் கிடையாது, இரண்டாவது திரைகூடக் கிடையாது.

இவ்வளவு சின்னதா என்று தோன்றலாம். வேண்டுமென்றேதான் சின்னதாக வைத்திருக்கிறேன். நான் முதலில் செய்ய உட்கார்ந்தது நண்பர்கள் பேசிக்கொள்ளும் அரட்டைச் செயலி. லாகின் திரையிலேயே இரண்டு மாதம் போனது, அதன்பின் அதைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒரு எண்ணைக் கூட்டி, திரையில் காட்டி, சேமித்து, மறுபடி எடுத்து வருவதற்குள் மொபைல் நிரலாக்கத்தின் அடிப்படை பெரும்பாலும் வந்துவிடுகிறது. அதை முழுதாக முடித்துப் போனில் ஏற்றிவிட்டால் அடுத்ததைச் செய்யும் துணிவு தானாக வரும்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே நிரலில் இரண்டையும் செய்ய ஃப்ளட்டரைப் பயன்படுத்தப் போகிறோம். கூகுள் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது, எழுதும் மொழி டார்ட். இதே வேலைக்கு ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவும் இருக்கிறது. உங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டும் ரியாக்ட்டும் ஏற்கெனவே கைவந்தவை என்றால் தயங்காமல் அதற்கே போங்கள். இரண்டும் புதிது என்றால் ஃப்ளட்டர் என்பது என் கருத்து. திரையில் தெரியும் பொத்தான், எழுத்து எல்லாவற்றையும் ஃப்ளட்டர் தானே வரைந்துகொள்கிறது, போனுடைய சொந்தப் பொத்தான்களைக் கேட்டு வாங்குவதில்லை. அதனால் ஒரு போனில் பார்த்ததுதான் மற்றதிலும் தெரியும். புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் ஒன்றுதான் என்றாலும், ஐபோனுக்கான செயலியைக் கட்டி எடுக்க மேக் கணினியும் அதில் எக்ஸ்கோடும் (ஆப்பிளின் நிரலாக்கக் கருவி) வேண்டும். விண்டோஸிலோ லினக்ஸிலோ இருப்பவர்கள் ஆண்ட்ராய்டில் முழுதாகச் செய்து முடியுங்கள். மேக் கைக்குக் கிடைக்கும் நாளில் அதே ஃபோல்டரை அதில் திறந்து ஓட்டினால் போதும்.

நிறுவுவது

ஃப்ளட்டர் எஸ்டிகே (ஃப்ளட்டரின் கருவித் தொகுப்பு), ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, விஎஸ் கோட் ஆகிய மூன்றும் வேண்டும். விஎஸ் கோடில்தான் எழுதப் போகிறோம், இருந்தாலும் ஆண்ட்ராய்டுக்கான கருவிகள் ஸ்டுடியோவோடு சேர்ந்து வருவதால் அதையும் நிறுவித்தான் ஆக வேண்டும். விஎஸ் கோடில் ஃப்ளட்டர் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளட்டரை வைக்கும் ஃபோல்டரின் பாதையில் எங்கேயும் இடைவெளி இருக்கக் கூடாது. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள், அனுமதிச் சிக்கல் வரும். அப்புறம் அதனுள் இருக்கும் பின் ஃபோல்டரைக் கணினியின் பாத் பட்டியலில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேருங்கள்.

இனி டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) திறந்து 'ஃப்ளட்டர் டாக்டர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள் (இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டுவது எப்போதும் ஆங்கிலத்தில்). என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வரி வரியாகச் சொல்லும். ஆண்ட்ராய்டு வரியில் குறை காட்டினால், பெரும்பாலும் கமாண்ட்லைன் டூல்ஸ் இல்லாததுதான் காரணம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எஸ்டிகே மேனேஜரைத் திறந்து, எஸ்டிகே டூல்ஸ் தாவலில் அதற்கு டிக் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். உரிமங்களை ஏற்கவில்லை என்று சொன்னால் 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகள் போட்டு, ஆண்ட்ராய்டு, ஒரு சிறுகோடு, லைசென்சஸ் என்று சேர்த்துத் தட்டி, கேட்கும் ஒவ்வொன்றுக்கும் ஒய் கொடுங்கள். இந்தப் பகுதியில்தான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள். ஒரு மாலை முழுவதும் இதற்கே போனாலும் பரவாயில்லை, இந்தக் கணினியில் இதை மறுபடி செய்யவேண்டி வராது.

எமுலேட்டரைவிட (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) உங்கள் போனிலேயே ஓட்டிப் பாருங்கள், கணினிக்கும் பாரம் குறைவு. போனின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' பகுதிக்குப் போய் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டுக் கேபிளைச் சொருகுங்கள், போன் அனுமதி கேட்கும், கொடுங்கள். போன் தெரியவே இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தரவைக் கடத்தாது.

செயலியை உருவாக்குவது

'ஃப்ளட்டர் கிரியேட்' என்று தட்டி, பின்னால் செயலியின் பெயர். பெயரில் சின்ன எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். இடைவெளி, சிறுகோடு, பெரிய எழுத்து எதுவும் கூடாது. பெயருக்கு முன்னால் 'ஆர்க்' என்ற விருப்பத்தையும் (இதற்கும் முன்னால் இரண்டு சிறுகோடுகள்) கொடுத்து உங்களுக்கென்று ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் 'காம் டாட் எக்ஸாம்பிள்' என்றே பதிந்துவிடும், அந்த அடையாளத்தோடு பிளே ஸ்டோர் செயலியை ஏற்காது, பிறகு மாற்றுவது நாலைந்து இடங்களைத் தேடித் திருத்தும் வேலை.

உருவான ஃபோல்டருக்குள் போய் 'ஃப்ளட்டர் ரன்' கொடுங்கள். முதல் முறை பல நிமிடங்கள் ஆகும், கிரேடில் என்ற கட்டுமானக் கருவி தனக்கு வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள். முடிந்ததும் போனில் ஒரு மாதிரிச் செயலி திறக்கும்: நடுவில் எண், மூலையில் கூட்டல் பொத்தான். நமக்கு வேண்டியதில் பாதியை ஃப்ளட்டரே கொடுத்துவிட்டது, சரி, மீதியை நாம் பார்ப்போம்.

ஃபோல்டருக்குள் ஏகப்பட்ட ஃபைல்கள் தெரியும். இப்போதைக்கு லிப் ஃபோல்டரில் உள்ள மெயின் டாட் டார்ட், வெளியே உள்ள பப்ஸ்பெக் டாட் யாம்ல் ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றை மறந்துவிடுங்கள். மெயின் ஃபைலைத் திறந்து நிதானமாக மேலிருந்து கீழே படியுங்கள். எல்லாமே விட்ஜெட்தான், அதாவது திரையைக் கட்டும் துண்டுகள். ஸ்காஃபோல்ட் என்ற விட்ஜெட் ஒரு திரையின் சட்டகம். அதற்குள் மேல்பட்டையாக ஆப்பார், உடலாக சென்டர், சென்டருக்குள் பொருள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் நெடுவரிசை விட்ஜெட் (நிரலில் Column), அதற்குள் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட். பெட்டிக்குள் பெட்டியாகப் பார்த்தால் அடைப்புக்குறிகளின் பயம் போய்விடும்.

டெக்ஸ்ட்டுக்குள் இருக்கும் ஆங்கில வாக்கியத்தை அழித்துவிட்டு 'இன்று குடித்த டம்ளர்கள்' என்று தமிழிலேயே எழுதுங்கள். விஎஸ் கோடிலிருந்து ஓட்டியிருந்தால் சேமித்த மறுநொடி போனில் மாறிவிடும். டெர்மினலிலிருந்து ஓட்டியிருந்தால் சேமித்துவிட்டு அங்கே சின்ன ஆர் தட்டுங்கள். இதுதான் ஹாட் ரீலோட். எண் அழியாமல் தோற்றம் மட்டும் மாறுவதைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் பெரிய ஆர்.

எண் ஏன் மாறுகிறது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பொத்தானை அழுத்தியதும் ஓடும் செயற்கூறில் (ஃபங்ஷன்) செட்ஸ்டேட் என்று ஒன்று இருக்கும், அதன் அடைப்புக்குள்தான் எண்ணைக் கூட்டும் வரி இருக்கும். அந்தச் சுற்றுச்சுவரை எடுத்துவிட்டு, கூட்டும் வரியை மட்டும் வெளியே வைத்துச் சேமியுங்கள். இப்போது பொத்தானை ஐந்து முறை தட்டுங்கள், திரையில் எதுவும் நடக்காது. இனி மேல்பட்டையின் தலைப்பில் ஏதாவது ஓர் எழுத்தை மாற்றிச் சேமியுங்கள். எண் ஒரே தாவலில் ஐந்து கூடியிருக்கும்.

அப்படியென்றால் எண் ஒவ்வொரு தட்டுக்கும் கூடிக்கொண்டுதான் இருந்தது, திரைக்கு யாரும் சொல்லவில்லை. ஃப்ளட்டரில் திரையை நாம் நேரடியாகத் திருத்துவதே இல்லை. தரவை மாற்றிவிட்டு, 'மாற்றிவிட்டேன், மறுபடி வரைந்துகொள்' என்று சொல்கிறோம், அதற்குத்தான் செட்ஸ்டேட். ஃப்ளட்டர் அதன்பின் பில்ட் என்ற செயற்கூறை மறுபடி ஓட்டி, அப்போது மாறியில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத் திரையை வரைகிறது. ஸ்டேட்ஃபுல் விட்ஜெட், ஸ்டேட்லெஸ் விட்ஜெட் என்ற பெயர்களும் இதிலிருந்துதான்: தனக்குள் மாறும் தரவு வைத்திருப்பது முன்னது, இல்லாதது பின்னது. நான் இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பல வாரம் குழம்பினேன், செட்ஸ்டேட்டை எடுத்துவிட்டுப் பார்த்த அன்றுதான் உண்மையில் புரிந்தது. எடுத்ததை மறக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

தவறித் தட்டிவிட்டால் குறைக்கவும் ஒரு பொத்தான் வேண்டும். நெடுவரிசைக்குள் ஓர் ஐகான்பட்டன் சேர்த்து, அழுத்தினால் எண் பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று பார்த்து, பெரியதென்றால் மட்டும் ஒன்று குறைக்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனை இல்லாவிட்டால் கழித்தல் இரண்டு டம்ளர் என்று காட்டும்! போனில் எழுத்தளவைப் பெரிதாக்கியும் ஒருமுறை பாருங்கள். விளிம்பில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள் வந்தால் உள்ளடக்கம் இடத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள், நெடுவரிசையை ஒரு சிங்கிள்சைல்ட்ஸ்க்ரோல்வியூவுக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

மறக்காமல் இருக்கச் செய்வது

செயலியை முழுதாக மூடித் திறந்தால் எண் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் அது நினைவகத்தில் மட்டும்தான் இருந்தது. 'ஃப்ளட்டர் பப் ஆட்' என்று தட்டி, பின்னால் ஷேர்ட், அடிக்கோடு, ப்ரிஃபரன்சஸ் என்ற தொகுப்பின் பெயரைச் சேருங்கள், அது பப்ஸ்பெக் ஃபைலில் தானாகப் பதிந்துவிடும். இதற்குப்பின் ஹாட் ரீலோட் போதாது. செயலியை நிறுத்திவிட்டு மறுபடி ரன் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ப்ளகினை (அந்தத் தொகுப்பை) காணோம் என்ற பிழை வரும். இந்தத் தொகுப்பு ஆண்ட்ராய்டில் ஒரு விதமாகவும் ஐபோனில் வேறு விதமாகவும் சேமிக்கிறது, நமக்கோ இரண்டுக்கும் ஒரே கட்டளைதான்.

எண்ணைச் சேமிக்க செட்இன்ட், எடுக்க கெட்இன்ட். முதல் முறை திறக்கும்போது எடுக்க ஒன்றுமே இருக்காது, நல் என்ற வெறுமைதான் வரும், ஆகவே இரண்டு கேள்விக்குறி போட்டுப் பூஜ்யம் என்று எழுதிவிடுங்கள்: இருந்தால் அது, இல்லையென்றால் பூஜ்யம். சேமிப்பகத்திலிருந்து எடுக்கச் சிறிது நேரம் ஆகும் என்பதால் அவெய்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். திரை உருவாகும்போது ஒருமுறை ஓடும் செயற்கூறு இன்இட்ஸ்டேட், அதை ஏசிங்க் (காத்திருக்கக்கூடிய வகை) ஆக்க முடியாது, எனவே எடுக்கும் வேலையைத் தனிச் செயற்கூறாக எழுதி இன்இட்ஸ்டேட்டிலிருந்து அழையுங்கள். எண் வந்ததும் மௌன்ட்டட் உண்மையா (திரை இன்னும் இருக்கிறதா) என்று பார்த்துவிட்டுச் செட்ஸ்டேட் கொடுங்கள், காத்திருந்த நேரத்தில் திரை போயிருந்தால் பிழை வராமல் காக்கும்.

எண்ணோடு தேதியையும் சேமிக்கிறோம். டேட்டைம் நௌ கொடுப்பதை ஐஎஸ்ஓ வடிவத்தில் எழுத்தாக்கி முதல் 10 எழுத்துகளை வெட்டினால் ஆண்டு, மாதம், நாள் மட்டும் கிடைக்கும். எடுக்கும்போது சேமித்த தேதி இன்றைய தேதியாக இல்லையென்றால் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். 24 மணி நேரம் ஆயிற்றா என்று கணக்கிடாதீர்கள். இரவு 11 மணிக்குக் குடித்ததும் காலை 6 மணிக்குக் குடிப்பதும் வேறு வேறு நாள்கள்தானே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரவில் செயலியை மூடாமல் போனின் திரையை மட்டும் அணைத்துவிட்டுத் தூங்குகிறோம். காலையில் திறந்தால் செயலி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, இன்இட்ஸ்டேட் மறுபடி ஓடாது, நேற்றைய எண்ணே நிற்கும். இதற்காக, செயலியின் நிலை மாறுவதைக் கவனிக்கும் விட்ஜெட்ஸ்பைண்டிங்அப்சர்வரைச் சேர்த்து, செயலி ரெஸ்யூம்ட் நிலைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே எடுக்கும் செயற்கூறை அழையுங்கள். நள்ளிரவில் திரையைத் திறந்துவைத்துக்கொண்டே பொத்தானைத் தட்டுபவருக்காகக் கூட்டும் இடத்திலும் தேதியை ஒப்பிடுங்கள். சோதிக்க மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம், போனின் தேதியைக் கையால் ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுச் செயலிக்குத் திரும்புங்கள்.

மைஆப் என்ற வகுப்பின் பெயரை மாற்றியிருந்தால் டெஸ்ட் ஃபோல்டரில் சிவப்புக் கோடு தெரியலாம். அங்கே உள்ள மாதிரிச் சோதனை பழைய பெயரையே தேடுகிறது; பெயரைத் திருத்துங்கள், அல்லது இப்போதைக்கு அந்த ஃபைலை நீக்கிவிடுங்கள்.

போனில் நிலையாக ஏற்றுவது

இதுவரை ஓடியது டீபக் பதிப்பு, அதாவது பிழை தேடிச் சோதிப்பதற்கான பதிப்பு. ஹாட் ரீலோட் வேலை செய்வதற்காக நிரலை ஓடும்போதே மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதால் அது சற்று மந்தமாக இருக்கும், அதை வைத்துச் செயலியை எடைபோடாதீர்கள். 'ஃப்ளட்டர் பில்ட் ஏபிகே' கொடுத்தால் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிய ரிலீஸ் பதிப்பு ஏபிகே என்ற, ஆண்ட்ராய்டில் நிறுவும் ஃபைலாகக் கிடைக்கும், ஃபைல் எங்கே இருக்கிறது என்று முடிவில் டெர்மினலே காட்டும். ஐபோனில், கட்டணம் கட்டாத சாதாரண ஆப்பிள் ஐடியைக் கொண்டே மேக்கிலிருந்து உங்கள் போனில் ஏற்றலாம், ஆனால் 7 நாளில் காலாவதியாகிவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். கடைகளில் வெளியிடுவது தனி வேலை: பிளே ஸ்டோர் பதிவுக்கு ஒருமுறை கட்டணம், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும், 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோர் புதிய செயலிகளை ஏபிகேயாக வாங்குவதில்லை, ஆப் பண்டில் என்ற வேறு வடிவத்தில்தான் கேட்கிறது.

'ஃப்ளட்டர் இன்ஸ்டால்' கொடுத்து ரிலீஸ் பதிப்பைப் போனில் ஏற்றிவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். ஐகானைத் தட்டினால் மூலையில் இருந்த டீபக் பட்டை போயிருக்கும். ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பொத்தானைத் தட்டுங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போட்டுத் திறந்து பாருங்கள், எண் 1 அங்கேயே இருக்கும்.